அப்புச்சியின் காய்ச்சல் நோட்டு

செப்டம்பர் 11, திங்கள்

முதலில் மானம் போகிற விஷயத்தை எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று காலை குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் பக்கத்து நாற்காலிப் பெண், என் மடியில் துவண்டு கிடந்த வர்ணிகாவையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வயசிலும் இப்படித் தூக்கிக்கொண்டு அலைகிறீர்களே, எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கிறார், டிவி ரிமோட்டை எடுக்கவே அவருக்கு ஆள் வேண்டும் என்று பாராட்டினாள். கடைசியில், "பேத்திங்களா?" என்றாள்.

நான் "ஆமாங்க" என்றேன்.

வர்ணிகா என் சொந்த மகள். அவளுக்கு நாலு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. தலை மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது. மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அப்பன் பிள்ளையைத் தூக்கினால் கடமை, தாத்தா தூக்கினால் தியாகம். என்னை இதுவரை யாரும் தியாகி என்று நினைத்ததில்லை. ஒரு பத்து நிமிஷம் இருந்துதான் பார்ப்போமே என்று ஆசை வந்துவிட்டது.

பத்து நிமிஷத்தோடு முடியவில்லை. மகன் வயிற்றுப் பேத்தியா, மகள் வயிற்றுப் பேத்தியா என்றாள். மகள் என்றேன். எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்போம். ஆக, அரை நிமிஷத்தில் என் மனைவி சாந்தாமணிக்கு நான் தகப்பனாகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வர்ணிகா கண்ணைத் திறந்து, "அப்பா, தண்ணி" என்றாள். அவளுடைய அப்பா துபாயில் இருக்கிறார், என்னையே அப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது என்றேன். பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். அவள் பெயர் பிரபாவதி. மகன் கவினேஷும் எங்கள் தும்பி மழலையர் பள்ளியில்தான், அதுவும் வர்ணிகாவின் எல்.கே.ஜி. வகுப்பில்தான், இதுவரை வேனில் வந்தான், இனி நானே கூப்பிட வருவேன் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. அவன் மூக்கிலிருந்து இரண்டு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. நோயெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று.

இந்த நோட்டு டாக்டர் அமலோற்பவத்தின் உத்தரவு. ஜூனில் பள்ளியில் சேர்த்ததிலிருந்து இது ஐந்தாவது காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் நான் முதல் நாளிலிருந்து நடித்துக் காட்டுவதைப் பார்த்துச் சலித்துப்போய், கதை வேண்டாம் சார், ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை டிகிரி, என்ன மருந்து என்று எழுதி வாருங்கள், வீட்டில் வேறு யாருக்கு எது வந்தாலும் எழுதுங்கள் என்றார். கதை வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் நோட்டு நூறு பக்கம். வெறும் காய்ச்சலை வைத்து எப்படி நிரப்புவது?

காலை 8 மணி, வீட்டில்: 101.6. காலை 10 மணி, கிளினிக்கில்: 100.6. டாக்டரம்மாவின் கைராசி அப்படி. வாசலை மிதித்தாலே ஒரு டிகிரி இறங்கிவிடுகிறது. இப்படி ஒரு டாக்டர் நடந்து போகிற தூரத்தில் கிடைத்ததற்கு என்ன கொடுத்தாலும் தகும்.

வீட்டில் வேறு யாருக்கு: எனக்கு, ஒன்பதாம் தேதியிலிருந்து தொண்டை கரகரப்பு. ரோட்டுத் தூசி.

செப்டம்பர் 13, புதன்

காலை 99.6. மதியம் 99.6. மாலை 99.5.

குழந்தை கட்டில் மேலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறது. பார்த்தால் காய்ச்சல்காரி மாதிரியே இல்லை. உள்காய்ச்சல் என்பது இதுதான், வெளியே காட்டாது. நல்லவேளை, நம்மிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது. பொருட்காட்சியில் காய்கறி சீவும் கட்டை வாங்கியபோது இலவசமாகத் தந்தது. கட்டை முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. இலவசம் இன்னும் உழைக்கிறது.

பள்ளிக்கு அனுப்பவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

99.6. அனுப்பவில்லை.

சாந்தாமணி லீவு போட்டாள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவள் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்கிற நிறத்தில் கேட்கிற தேதியில் சட்டை போய்ச் சேர்வதற்குள் எல்லோரிடமும் சண்டை போடுகிற உத்தியோகம். வர்ணிகாவுக்காக நாலு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த ஜூனில்தான் திரும்பப் போனாள். போன முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நடந்து வந்த நடையை நான் மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் இருந்த நடை அது.

நான் சட்டைக் கழுத்தில் தைக்கிற லேபிள்களுக்கு ஆர்டர் பிடிக்கிறவன். 'முறுக்கிப் பிழியாதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள்' என்று இதுவரை லட்சக்கணக்கான சட்டைகளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். காலையில் குழந்தையைப் பள்ளியில் விடுவது, மூன்றரைக்குக் கூப்பிடுவது, வார நாளில் டாக்டரிடம் போவது எல்லாம் நான். நடுவில் கம்பெனி கம்பெனியாகச் சுற்றுவேன். குழந்தை வீட்டில் இருந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சாந்தாமணி நோட்டை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க பாப்பாவப் பாத்துக்குவீங்க. உங்கள யாருங்க பாத்துக்கறது?"

செப்டம்பர் 19, செவ்வாய்

ஒரு வாரம் கழித்துப் பள்ளி. மூன்றரை மணிக்கு விடுவார்கள். நான் மூன்று மணிக்கே போய்விடுவேன். இடம் பிடிக்க என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கேட்டுக்கு வெளியே அந்த அரை மணி நேரத்தில் ஊரின் எல்லாச் செய்தியும் கிடைக்கும். எந்த டீச்சருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியார் கோபித்துக்கொண்டு போனார், எந்தக் குழந்தைக்கு நேற்று வாந்தி, எல்லாம். இதுவரை நான் ஓரமாக நின்று காதை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன், என்னை யாரென்று யாரும் கேட்டதில்லை.

இன்று நான் போவதற்குள் பிரபாவதி முந்திவிட்டிருந்தாள். துபாய் மருமகன், ஒற்றை ஆளாய்ப் பேத்தியைப் பார்க்கும் பெரியவர் என்று வாசல் முழுக்கத் தெரிந்திருந்தது. எல்லோரும் எனக்கு நிழலில் இடம் விட்டார்கள். பள்ளி விட்டதும் ஒரு பெண் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் தன் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "அப்புச்சி கிட்ட இரு கண்ணு." அடுத்தவள் இன்னொன்றைக் கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் என் இரண்டு கையிலும் தோளிலும் பிள்ளைகள். ஒன்று என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நக்கிப் பார்த்தது. கவினேஷ் தான் பாதி கடித்த பிஸ்கட்டை என் வாயில் வைத்து, "அப்புச்சி, சாப்பிடு" என்றான். குழந்தை கொடுத்ததை எப்படித் துப்புவது? சாப்பிட்டேன்.

பள்ளி ஆயா பொன்னாத்தாக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28, வியாழன்

எனக்கு இருமல். நேற்றுக் குடித்த ஐஸ் மோர்.

அக்டோபர் 1, ஞாயிறு

வர்ணிகாவுக்கு இருமல். வீட்டில் 102.2. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்கைத் திறந்தார், அங்கே 101.2. அந்தக் கவினேஷின் மூக்கை நான் மறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை அவன் இவளுக்கு முத்தம் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கிளினிக்கில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதிலிருந்த ஆரஞ்சு மீன் போன வாரம் செத்துவிட்டதாம். குழந்தைகள் அழுவார்கள் என்று டாக்டரம்மா அதே அளவில் இன்னொன்றை வாங்கி ரகசியமாக விட்டிருக்கிறாராம். நர்ஸ் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

எனக்கு வாய்க்குள் புண். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது போல.

அக்டோபர் 9, திங்கள்

வர்ணிகாவுக்குக் கை, கால், வாய் எல்லாம் கொப்புளம். இந்த நோய்க்குக் கை கால் வாய் நோய் என்றே பெயராம். பெயர் வைத்தவர் அலட்டிக்கொள்ளாதவர்.

தயிர்சாதம்கூட இறங்கவில்லை. அழுவதற்கும் வாய் வலிக்கிறது என்று சத்தமில்லாமல் அழுகிறாள். மாடி வீட்டு ஜன்னத் அக்கா மூன்று வேளையும் இளநீர் வெட்டி, கரண்டி போட்டு, மூடி அனுப்புகிறார். சொல்லிவிடாமலே அனுப்புகிறார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ஏன் கழுவினாய் என்று திட்டுகிறார்.

அக்டோபர் 14, சனி

கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. 99.5.

சாந்தாமணி இந்த நோட்டில் டிகிரிகளை மட்டும் பார்த்துவிட்டு, அதென்னங்க குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போதும் ஆறு தடவை அளந்திருக்கிறீர்கள் என்றாள். நான் டாக்டர் சொன்னார் என்று சொன்னேன். டாக்டர் சொன்னது இரண்டு தடவை.

காரணத்தை இங்கே எழுதுவதில் தப்பில்லை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் எங்கள் வீட்டில் மருந்துக் கரண்டி என்று ஒன்று கிடையாது. விசேஷ வீடுகளில் என்னைக் குழந்தைகள் பக்கம் உட்கார வைக்காமல் பந்தி விசாரிக்கிற வேலையைக் கொடுத்துவிடுவார்கள். நான் நகைச்சுவையாகப் பேசுகிறவன் ஆனது அந்தப் பந்திகளில்தான். சாம்பார் வாளியோடு நிற்கிறவனிடம் 'ஏதாவது விசேஷமுண்டா' என்று யாரும் கேட்பதற்குள் நாம் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் வர்ணிகா ஏழரை மாதத்தில் அவசரப்பட்டுப் பிறந்தாள். ஒரு கிலோ அறுநூறு கிராம். இருபத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள். பெட்டிக்கு மேலே ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைப் பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை எண் நன்றாகத்தான் இருந்தது. டீ குடிக்கப் போனபோது ஒருமுறை இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து எண்ணை விட்டு நான் எங்கும் போவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜன்னத் அக்காவின் பாத்திரம் இரண்டு இன்னும் இங்கே இருக்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

எனக்கு மெட்ராஸ் ஐ. லேபிள் அச்சடிக்கிற இடத்து வெளிச்சம் ஆகவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன். பிள்ளைகளுக்குக் கண்ணாடி பிடித்துவிட்டது, வரிசையாக மாட்டிப் பார்த்தார்கள். வர்ணிகாதான் கடைசி. துபாயிலிருந்து மருமகன் அனுப்பினதா என்று பிரபாவதி கேட்டாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 6, திங்கள்

வர்ணிகாவுக்கு மெட்ராஸ் ஐ. இது கவினேஷ் வேலைதான். அவனுக்குக் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவன் வேலைதான்.

நவம்பர் 16, வியாழன்

சாந்தாமணியின் மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கோபப்படவில்லையாம், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள். வெளிநாட்டிலிருந்து வாங்குகிற பெரிய பையர் ஒருவரின் மொத்த ஆர்டரையும் அவளிடம் கொடுக்கலாம் என்று இருந்தார்களாம். ஆனால் ஐந்தரை மாதத்தில் பதினெட்டு நாள் லீவு. டிசம்பர் நாலாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார்கள். தினமும் வர முடியுமா, முடியாதா?

வந்து சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தலை சீவ உட்கார்ந்தாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் சீவினாள்.

நவம்பர் 24, வெள்ளி

99.6. போன வாரம் முழுக்க இதே. டாக்டரம்மா வெறும் கையால் நெற்றியைத் தொட்டுவிட்டு ஒன்றுமில்லை, அனுப்புங்கள் என்கிறார். அவர் தொட்டால் இறங்கிவிடும் என்பது அவருக்கே தெரியவில்லை.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஜூனிலிருந்து வர்ணிகா பள்ளிக்குப் போகாத நாள் நாற்பத்தொன்று. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். பள்ளியை நிறுத்திவிடுவோம், உடம்பு தேறட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம், அந்த மூக்குப் பையன் அதற்குள் ஒன்றாம் வகுப்புப் போய்த் தொலைவான் என்றேன். அவனும் எல்.கே.ஜி.தான், அடுத்த வருடம் யு.கே.ஜி. போவான், எங்கேயும் தொலைய மாட்டான் என்றாள் சாந்தாமணி. அப்புறம், பள்ளியை நிறுத்தினால் நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயிக்கவாவது முயற்சி பண்ணியிருப்பேன்.

வர்ணிகா பக்கத்து அறையில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மைக்கு மட்டும் காய்ச்சலாம். அதைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்திருந்தாள்.

நவம்பர் 29, புதன்

எனக்குச் சளி. மழைக்காலம்.

டிசம்பர் 2, சனி

நேற்று இரவிலிருந்து வர்ணிகாவுக்குக் காய்ச்சல். 101.8. சனிக்கிழமை ஆகையால் சாந்தாமணியும் கிளினிக்குக்கு வந்தாள். அவள் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. நேற்றே எழுதிவிட்டாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, நான் பார்த்தேன். பெருமைப்பட வேறு கடிதம் கிடைத்திருக்கலாம்.

நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது சாந்தாமணிக்குப் பக்கத்தில் பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். மடியில் கவினேஷ். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆனால் சாந்தாமணியின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிரபாவதி என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தாள். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

டாக்டர் அமலோற்பவம் குழந்தையைப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டார். இதுவரை அவர் அதை முழுதாகப் படித்ததில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார். இன்று சாந்தாமணி, இவளைப் பள்ளியை விட்டு நிறுத்தலாமா என்று கேட்டதும், கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் கதை வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அக்டோபர் பக்கத்தில் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் மீன் தொட்டிக்கு இரை போடப் போய்விட்டாள். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து அங்கங்கே வட்டம் போட்டார்.

"செப்டம்பர் ஒம்பதாந்தேதி உங்களுக்குத் தொண்டை. பதினொண்ணு பாப்பாவுக்குக் காய்ச்சல். இருபத்தெட்டு உங்களுக்கு இருமல், ஒண்ணாந்தேதி பாப்பாவுக்கு. ஆறாந்தேதி உங்க வாய்ல புண்ணு, ஒம்பதாந்தேதி இவளுக்குக் கொப்புளம். மெட்ராஸ் ஐ உங்களுக்கு மூணு, இவளுக்கு ஆறு. புதன்கிழமை உங்களுக்குச் சளி, நேத்து இவளுக்கு." பென்சிலைக் கீழே வைத்தார். "நீங்க எந்த ஸ்கூல்ல சார் படிக்கிறீங்க?"

பதிலைச் சாந்தாமணி சொன்னாள். குரலை உயர்த்தாமல், மரியாதையோடு சொன்னாள்.

"எங்கப்பாவுக்குக் கொழந்தைகன்னா உசுருங்க டாக்டர். தும்பி கேட்டுல அத்தன புள்ளைகளும் அவரு தோள்லதானாமா. எச்சி பிஸ்கட்டெல்லாம் திங்கறாராமா. வெளிய ஒரு அம்மா இப்பத்தான் சொன்னாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், சாந்தாமணியைப் பார்த்தார், நோட்டின் முதல் பக்கத்தை மறுபடியும் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு முதல் வருடம் எட்டு, பத்துத் தடவை வரத்தான் செய்யும், உடம்பு பழகிக்கொள்கிற வழி அது. ஆனால் இவள் வகுப்பில் இருப்பது பதினாறு பிள்ளைகள், வாசலில் நான் தூக்குவது மூன்று வகுப்புப் பிள்ளைகளை. அவர்களிடமிருந்து வாங்கி, நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து, மடியில் வைத்துக் கொடுக்கிறேன். குறைமாதப் பிள்ளை என்ற பயத்தை இனி விட்டுவிடலாம், நுரையீரல் மணி மாதிரி இருக்கிறது, பள்ளியை நிறுத்த வேண்டாம், என்னை நிறுத்தினால் போதும் என்றார். போகிற போக்கில் கவினேஷைப் பற்றியும் கேட்டேன். அவனுக்குத் தூசி ஒவ்வாமையாம். அந்த மூக்கிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாதாம். அவன் மேல் மூன்று மாதமாகக் குற்றப்பத்திரிகை எழுதிய பக்கங்களை டாக்டரம்மா என் முன்னாலேயே ஒருமுறை புரட்டிக் காட்டினார்.

வெளியே வந்ததும் சாந்தாமணி கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். அதை மடித்து, வர்ணிகாவின் மூக்கைத் துடைத்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

"வண்டிய எடுங்கப்பா" என்றாள்.

டிசம்பர் 4, திங்கள்

சாந்தாமணி மேனேஜரிடம் முடியும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தேன்.

எனக்குத் தண்டனை: மாஸ்க் போட வேண்டும். பள்ளி வாசலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மின்கம்பத்துக்கு அருகில் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சட்டை மாற்றி, கை கழுவி, அதற்கப்புறம்தான் குழந்தையைத் தொடலாம். மூன்றரைக்குப் போனால் போதும்.

வர்ணிகாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லப் போனபோது, வாசலில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிரபாவதி, அப்படியானால் துபாயில் யாருமே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதுதான் அவளுக்கு நிஜமான வருத்தம். மருமகன் ஊருக்கு வரும்போது ஒரு வாசனைத் திரவியம் வாங்கிவரச் சொல்லலாம் என்று இருந்தாளாம்.

பொன்னாத்தாக்கா மட்டும் ஆச்சரியப்படவில்லை. குப்பையைக் கூட்டிக்கொண்டே, "பாப்பாவச் சேர்க்கறப்பவே அப்பான்னு உங்க போட்டாவத்தான ஒட்டிக் குடுத்தீங்க. டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார்.

பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். துடைப்பத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"எத்தன வருசம் வெறுங்கையோட நின்னீங்களோ என்னவோ. புள்ளைகள அப்புடி வாரி வாரி எடுக்கறீங்க. அதப் போயி எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டனுங்க."

இதற்கு ஒரு ஜோக் சொல்ல வேண்டும் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வரவில்லை.

டிசம்பர் 20, புதன்

மாஸ்க். மின்கம்பம். எனக்கு இருமல் இல்லை. அந்தக் காய்ச்சல் விட்டபின் வர்ணிகா ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. சாந்தாமணியின் முதல் ஆர்டர் கப்பலேறிவிட்டது. கழுத்து லேபிள் என்னுடையது.

பள்ளி விட்டதும் கேட் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் "அப்புச்சி" என்று கத்திக் கையாட்டுகின்றன. பெற்றவர்கள் உண்மையைச் சொல்லியும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. கவினேஷ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிடுகிறான், மூக்கால். வர்ணிகாவும் நேற்றிலிருந்து என்னை அப்புச்சி என்கிறாள்.

ஆனால் காலை 99.6, மாலை 99.6. நோய் எல்லாம் போயும் இந்த உள்காய்ச்சல் மட்டும் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் எழுதி மட்டும் வருகிறேன்.

ஜனவரி 6, சனி

99.6. பொறுக்க முடியவில்லை. சாந்தாமணியிடம் சொல்லிவிட்டேன். தடுப்பூசிக்குப் போகும்போது ரத்தம் சோதிக்கச் சொல்வோம் என்றாள்.

ஜனவரி 20, சனி

தடுப்பூசி போட்டாயிற்று. அழுதது நான் இல்லை, கண்ணில் தூசி. ஜன்னத் அக்கா சுக்குக் காபி கொடுத்து அனுப்பினார், குழந்தைக்கு இல்லை, எனக்கு. கிளினிக்கில் பொன்னாத்தாக்காவையும் பார்த்தோம், பேரனோடு வந்திருந்தார். பிறந்தபோது ஒரு கிலோ அறுநூறாக இருந்தது, இத்தனை பேர் கையில் பதினாறு கிலோ ஆகியிருக்கிறது. எடை பார்க்கும்போது நான் எண்ணைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். சாந்தாமணி அதைக் கவனித்தாள்.

உள்காய்ச்சலுக்கு ரத்தச் சோதனை கேட்டேன். டாக்டரம்மா எதற்கும் எங்கள் தெர்மாமீட்டரைக் கொடுக்கச் சொன்னார். பையிலேயே இருந்தது. நர்ஸ் அதை வர்ணிகாவுக்கு வைத்துப் பார்த்தாள், 99.6. எனக்கு வைத்தாள், 99.6. சாந்தாமணிக்கு வைத்தாள், 99.6. கடைசியில் தனக்கே வைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் 99.6.